சட்டையில் மட்டும் வாசம்

போன வாரம் பொன்மணியை ஸ்கேன் படம் எடுக்கிற அந்த வெள்ளைக் குழாய்க்குள் படுக்க வைத்துவிட்டு, நாம் பாட்டுக்கு அவரவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் முக்கால் மணி நேரம் அசையாமல் கிடந்தாள். தாலிச் சரட்டில் கோத்திருந்த ஏழு ஊக்குகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். உள்ளே ஒரே தட்டல். தோப்பும்படிப் பட்டறைகளில் படகின் துருவைத் தட்டி எடுப்பார்களே, அது போல. வலது காதில் அது இடியாக விழுந்தது. இடது காதில், யாரோ அடுத்த தெருவில் தட்டுவது போலக் கேட்டது.

வெளியே வந்ததும் புருஷன் ராசப்பனிடம் அதைத்தான் முதலில் சொன்னாள். ராசப்பன் மட்டாஞ்சேரிக்கும் கலூருக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் டிரைவர். அதிகம் பேசாதவன். "படம் வரட்டும்" என்று மட்டும் சொன்னான்.

படம் வந்துவிட்டது. அதை டாக்டரிடம் காட்டும் நாள்தான் இன்று.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பொன்மணி மலையாளக் கரையில், மட்டாஞ்சேரியில் எஸ்.டி.டி. பூத் நடத்துகிறாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். எண்ணை அவளே சுழற்றி, மணி அடிக்கிறதா என்று அவளே காதில் வைத்துக் கேட்டு, பிறகு கொடுப்பாள். இரண்டு வருடமாக ரிசீவரை இடது காதில் வைத்தால் மணி கேட்பதில்லை. லைன் கோளாறு என்று டெலிபோன்காரர்களோடு சண்டை போட்டாள். வலது காதுக்கு மாற்றிப் பார்த்த அன்றுதான் கோளாறு கம்பியில் இல்லை என்று தெரிந்தது. அழுக்கு எடுத்துப் பார்த்தார்கள், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். கடைசியில், குறை காதில் இல்லை, காதிலிருந்து மூளைக்குப் போகிற வழியில் என்று சொல்லி இந்தக் குழாய்க்குள் அனுப்பினார்கள்.

வலது காதும் போய்விட்டால் பூத் போய்விடும். மகள் விஜி அவளைக் கூப்பிடும் சத்தமும் போய்விடும். பதினொரு வயதுப் பெண். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே 'அம்மா' என்று தொடங்கி, புத்தகப் பையை வைக்கும் வரை நிறுத்தாமல் பேசுகிறவள்.

இன்று காலை பொன்மணிக்குத் துணை அவள் தம்பி காளிமுத்து. மழைக்கால மீன்பிடித் தடை என்பதால் ஒன்றரை மாதமாகக் கரையில் கிடக்கிறான். செவ்வாய் நள்ளிரவு தடை முடிகிறது. அந்த நிமிடமே துறைமுகத்திலிருந்து போட்டுகள் எல்லாம் கிளம்பும். காளிமுத்துவுக்கும் ஒரு போட்டில் இடம் உறுதியாகியிருந்தது. இன்று சனிக்கிழமை.

இன்னொன்றும் உண்டு. இன்று அவர்களுடைய அப்பா சுடலைமணியின் வருஷ நாள்.

சுடலைமணியைப் பற்றி மட்டாஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: நல்ல மனுஷன், குடிதான் கொண்டுபோயிற்று. கார்ப்பரேஷனில் சாக்கடை தூர் வாருகிற வேலை. அந்த வேலைக்கு இறங்குகிறவர்கள் நாற்றத்துக்காக ஒரு மடக்கு ஊற்றிக்கொள்வது வழக்கம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் சுடலைமணி காலையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அந்தி மயங்கினால் வீதியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஆடுவார். காதும் கேட்காது. எண்பத்து மூன்றாம் வருடம் ஒரு சாயங்காலம் கால்வாயில் விழுந்து போய்ச் சேர்ந்தார். மார்பளவுத் தண்ணீர். எழுந்து நின்றிருந்தால் போதும்.

"நிக்கத் தெரிஞ்சாத்தானே" என்பாள் அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி. அவர் இடத்தில் கார்ப்பரேஷன் அவளுக்கு வேலை கொடுத்தது. பதினெட்டு வருடமாக வீதி பெருக்குகிறாள். "அவன் குடிச்ச குடிக்கு எனக்குக் கெடைச்ச பரிசு" என்று துடைப்பத்தைக் காட்டுவாள்.

வருஷ நாளன்று போனவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைக்க வேண்டும் அல்லவா? பாக்கியலக்ஷ்மி சோறு வைப்பாள், கப்பைக் கிழங்கு வைப்பாள், சாளை மீன் குழம்பு வைப்பாள். கடைசியாக ஒரு கால் பாட்டில் பிராந்தியை இலை ஓரத்தில் ஓங்கி வைப்பாள். "இந்தா, இதுக்குத்தானே எங்களை விட்டுட்டுப் போன" என்பாள். பதினெட்டு வருடத்தில் ஒரு வருடம்கூட அது தவறியதில்லை.

---

நரம்பு டாக்டர் ஷைலஜாவின் அறை கலூரில், மாடியில் இருந்தது. டாக்டர் பொன்மணியைத் தன் எதிரே, முகம் தெரிகிற மாதிரி உட்கார வைத்துக்கொண்டார். உதடு அசைவதைப் பார்த்தால் பாதி புரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சின்ன மரியாதையிலேயே பொன்மணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அறை விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியில் வெளிச்சம் போட்டு, படத்தை அதில் செருகினார். அறை இருண்டபோது பின்னால் டக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். காளிமுத்து மருந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பயந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் பேசியது மலையாளம். இங்கே நம் பேச்சில்.

"இது கேன்சர் இல்ல பொன்மணி. முதல்ல அதை மனசுல எழுதிக்கோ. அப்புறம் மத்ததைக் கேளு."

படத்தில் ஒரு தலை, அரிந்து வைத்த முட்டைக்கோசு போல இருந்தது. இடது காதுக்கு உள்ளே, மூளையை ஒட்டி, வெள்ளையாக ஒரு கட்டி. சின்ன நெல்லிக்காய் அளவு. டாக்டர் பேனா முனையை வலது பக்கம் கொண்டுபோனார். அங்கேயும் ஒரு வெள்ளைப் புள்ளி. மட்டை அரிசிச் சோற்றுக்குப் போடுகிற அரிசியில் ஒரு மணி அளவு, அவ்வளவுதான்.

ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால் அது யாருக்கும் வரக்கூடியது என்றார் டாக்டர். இரண்டு பக்கமும் வந்தால் அது வேறு. அது ரத்தத்தில் வருவது. கேட்கிற நரம்புக்கும், நம்மை ஆடாமல் நிற்க வைக்கிற நரம்புக்கும் ஒரே உறை. அந்த உறையில்தான் இது வளரும். கேட்பதையும் பறிக்கும், நடையையும் பறிக்கும். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம். எந்தப் பாதி என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பிறகு கேள்விகள் கேட்டார். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அப்பாவுக்கு? கேட்காது. அப்பாவுக்குக் கண்? முப்பது வயது தாண்டினதுமே கண்ணில் புரை விழுந்திருந்தது என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். நடை?

பொன்மணி தயங்கினாள். "அவரு குடிப்பாரு டாக்டர்."

"தினமுமா?"

"காலையிலயே ஆடிக்கிட்டுத்தான் போவாரு. இருட்டினா இன்னும் அதிகம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்படி இறந்தார்?"

சொன்னாள். கால்வாய், அந்தி நேரம், மார்பளவுத் தண்ணீர்.

"நீந்தத் தெரியுமா அவருக்கு?"

"எங்களுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் குடுத்ததே அவருதான்."

டாக்டர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். அறையில் அந்தப் பெட்டியின் வெளிச்சம் மட்டும் இருந்தது. பிறகு நிதானமாகச் சொன்னார்: "நான் பார்க்காத மனுஷரைப் பத்தி உறுதியாச் சொல்லக்கூடாது. ஆனா கேளு. இந்த நரம்பு ரெண்டு பக்கமும் கெட்டவங்க, கண்ணால பார்த்துத்தான் நிக்கறாங்க. வெளிச்சம் போனா ஆடுவாங்க. தண்ணிக்குள்ள முங்கிட்டா மேல எது, கீழ எதுன்னு தெரியாது. மேலே வரணும்னு நினைச்சு அடியை நோக்கி நீந்துவாங்க. நீச்சல் தெரிஞ்சவங்களும் அப்படித்தான்."

பொன்மணியின் வலது காதில் அத்தனையும் தெளிவாக விழுந்தது. விழாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது.

அவள் விஷயத்தில் டாக்டர் நம்பிக்கையாகவே பேசினார். இடது பக்கத்தை அடுத்த மாதம் அறுவை செய்து எடுத்துவிடலாம். அந்தக் காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பாது, ஆனால் கட்டி மூளையை அழுத்தாது. வலது பக்கத்து அரிசியைத் தொட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து அதன் மேல் ஒரு கண் வைத்திருப்போம். சிலருக்கு அது வருடக்கணக்கில் அப்படியே தூங்கும். வளரத் தொடங்கினாலும் சீக்கிரம் தெரிந்துவிடும். அதற்குள் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ள நேரமும் இருக்கிறது. "கடல்லயோ காயல்லயோ மட்டும் இறங்காதே" என்று இரண்டு தடவை சொன்னார்.

பிறகு அவர் பார்வை அலமாரிப் பக்கம் போனது. "தம்பி என்ன வேலை?"

"போட்டுல" என்றான் காளிமுத்து.

"கடலுக்கா?" டாக்டர் ஒரு சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். "வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஒரு இடம் இருக்கு. உனக்கும் ஒரு படம் எடுத்திடலாம். அதுக்குப் பிறகு கடலுக்குப் போனா போதும்."

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். எனக்கு ரெண்டு காதும் கேக்கும்."

"உன் சேச்சிக்கும் அஞ்சு வருஷம் முன்னே கேட்டிருக்கும்."

காளிமுத்து சிரித்தான். அந்தச் சிரிப்பு பொன்மணிக்குப் பிடிக்கவில்லை. வலை தைக்க ஆள் காத்திருக்கிறது, அப்படியே அப்பாவுக்கு பாட்டிலும் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் இறங்கினான். இருபத்தாறு வயதுப் பையன், அலையில் ஆடுகிற போட்டில் வெறுங்காலோடு ஓடுகிறவன்.

சீட்டு பொன்மணியின் கையில் இருந்தது. காளிமுத்து, 26 வயது என்று எழுதியிருந்தது.

---

திரும்பி வரும்போது ராசப்பனின் பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார்ந்தாள். வில்லிங்டன் தீவைத் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது, அரிசி மணி விஷயத்தைச் சொன்னாள். அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அப்போ நீ என்னைத் திட்டுறது இன்னும் கொஞ்ச நாளைக்கு உனக்கும் கேக்கும்" என்றான். அவளும் சிரித்துவிட்டாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவன் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டே அறை கொண்ட வீடு. பாக்கியலக்ஷ்மி அடுப்படியில் சாளை கழுவிக்கொண்டிருந்தாள். மகளின் தலைக்குள் இருப்பதைக் கேட்டதும் கையில் இருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு அவள் தலையை இரண்டு பக்கமும் தடவினாள். அறுவை என்றதும் உட்கார்ந்துவிட்டாள். கேன்சர் இல்லை என்று மூன்று முறை சொல்ல வைத்தாள். பிறகு தானே எழுந்து மீனைக் கழுவினாள்.

அப்பாவைப் பற்றிப் பொன்மணி மெல்ல ஆரம்பித்தாள். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னாள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? கூட வாழ்ந்தவ நானு. தெனம் நாறிக்கிட்டு வருவான். எம் மூக்குக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் பேச இடமில்லை. நாற்றம் நாற்றம்தானே. பொன்மணிக்கே அது ஞாபகம் இருந்தது. அப்பா வாசலில் வந்து நிற்கும்போது வரும் அந்தப் புளித்த வாசனை. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அம்மா சாயா கொண்டுவந்தால் அப்பா இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, "அரை கிளாஸ் போதும் பாக்கியம்" என்பார். "மீதி வயித்துல வேற எதுக்கோ இடம் வெச்சிருக்காரு" என்று அம்மா அக்கம்பக்கம் கேட்கச் சொல்லுவாள். அப்பாவுக்குத்தான் கேட்காது.

சாயங்காலம் ஆறரைக்கு இலை போட்டாயிற்று. சுடலைமணியின் படத்துக்கு மாலை, முன்னால் குத்துவிளக்கு. சோறு, கப்பை, சாளைக் குழம்பு எல்லாம் இருந்தன. இலை ஓரம் மட்டும் காலியாக இருந்தது. பாட்டிலோடு காளிமுத்து இன்னும் வரவில்லை.

ஏழு மணிக்கு வழக்கமான அரை மணி நேர மின்வெட்டு. சட்டென்று வீடு இருண்டது. அந்த நேரத்தில்தான் வாசலில் தடதடவென்று ஒரு சத்தம்.

காளிமுத்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. செய்தித்தாளில் சுற்றிய பாட்டில் கையிலிருந்து நழுவி, உருண்டு, இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவன் மேலிருந்து வந்த வாசனை அறை முழுக்கப் பரவியது.

விஜி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"வந்துட்டியா ராசா" என்றாள் பாக்கியலக்ஷ்மி. குரல் அமைதியாக இருந்தது, அதுதான் பயம். "அப்பன் நாள்ல அப்பனாவே வந்து நிக்கிற. நல்லா இருக்கு. எனக்கு இலை ஒண்ணு போதாது, இன்னொண்ணும் போடட்டுமா?"

"கொஞ்சமாத்தான் அம்மா" என்று இளித்தான் காளிமுத்து. ஓர் அடி எடுத்து வைத்தான். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவரில் கை ஊன்றினான்.

பொன்மணி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். அவனைப் பார்த்தாள். காலையில் டாக்டர் அறையில் விளக்கு அணைந்தபோது அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நிற்பு. காலையில் அவன் குடித்திருக்கவில்லை. பஸ்ஸில் இவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான். ஒரு வாசனையும் இல்லை.

கீழே பார்த்தாள். பேப்பர் விலகிய பாட்டில், மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

"அம்மா, அவனை ஊதச் சொல்லு" என்றாள்.

"என்னடி?"

"போலீஸ்காரன் பஸ்ஸை நிறுத்தி ஊதச் சொல்லுவானே. அப்படி ஊதச் சொல்லு."

காளிமுத்துவின் இளிப்பு நின்றது. "அக்கா, சும்மா இரு" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாக்கியலக்ஷ்மி அவன் முன்னால் போய் நின்றாள். பதினெட்டு வருடம் துடைப்பம் பிடித்த கை, அவன் தாடையைப் பிடித்துத் திருப்பியது. "ஊதுல" என்றாள்.

அவன் ஊதினான்.

அவள் மோந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது. "இன்னொரு தடவை." அவன் மறுபடி ஊதினான். பிறகு அவள் குனிந்து அவன் சட்டைக் காலரை மோந்தாள். தோள்பட்டையை மோந்தாள். மறுபடி வாயண்டை வந்தாள்.

வாயில் பீடியும் சாயாவும். அவ்வளவுதான். பிராந்தி எல்லாம் சட்டையில் இருந்தது.

பாக்கியலக்ஷ்மி பிடியை விட்டாள். இரண்டு அடி பின்னால் வந்து, இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். விளக்குத் திரி ஒன்று படபடத்தது.

"அவரும் இப்படித்தான்" என்றாள் கடைசியில். யாரிடமும் சொல்லவில்லை, படத்தைப் பார்த்துச் சொன்னாள். "சட்டையை அலச முடியாது, அப்படி நாறும். பக்கத்துல வந்து படுத்தா வாயில ஒண்ணும் இருக்காது. ஏலக்கா மென்னுட்டு வாறாருன்னு நெனச்சேன். எம்புட்டுக் கள்ளத்தனம் பாருன்னு அதுக்கும் சேத்துத் திட்டினேன்."

பொன்மணி தம்பியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "எப்போதிருந்து?"

அவன் சட்டைக் காலரைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு கொட்டிவிட்டான். ஒரு வருடமாகிறது. போட்டில் எஞ்சின் நின்ற பிறகும் காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இருட்டில் வலை இழுக்கும்போது கால் நிற்பதில்லை. ஒரு நாள் விழப்போனவனைப் பிடித்துக்கொண்டு, போட்டை ஓட்டுகிற ஸ்ராங்கு, 'குடிச்சிருக்கியாடா' என்று கேட்டான். ஆமாம் என்றான் காளிமுத்து. ஸ்ராங்கு சிரித்துக்கொண்டே போய்விட்டான். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அன்றிலிருந்து ஒரு சின்ன பாட்டில் சட்டைப் பையில். இருட்டப் போகிறது என்றால் காலரில் நாலு சொட்டு.

"குடிகாரனை போட்டுல ஏத்துவான் அக்கா. தலை சுத்துறவனை ஏத்துவானா?"

சுடலைமணிக்கும் அதே கணக்குத்தான் இருந்திருக்க வேண்டும். சாக்கடைக்குள் இறங்குகிறவன் குடித்தால் திட்டுவார்கள். தானாக விழுகிறவன் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் ஒரு பெண், ஒரு பையன். அந்த மனுஷர் வீட்டிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாக்கியலக்ஷ்மி அழுதிருப்பாள். திட்டுவது பரவாயில்லை என்று விட்டுவிட்டார் போல.

"நீ எனக்கு முன்னால பேசாதே" என்றாள் பாக்கியலக்ஷ்மி மகனிடம். பேசாதே என்று சொன்னவள்தான் அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பொன்மணி இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "உனக்கு இருக்கோ, இல்லையோ. ஆடுறதுக்கு வேற காரணம்கூட இருக்கும். இருந்தாலும் அரிசியா இருக்கையிலயே பாத்திரலாம்ல. அப்பா காலத்துல இந்த மெஷின் இல்லடா. அவரு ஒளிச்சாரு, வேற வழி இல்ல. நீ என்னத்துக்கு ஒளிக்கணும்?"

"செவ்வாய் ராத்திரி போட்டு போகுதே. ஸ்ராங்குகிட்ட என்னன்னு சொல்றது?"

ஆனால் அவன் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இவ்வளவு நேரமும் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த விஜி, மெல்ல நடு அறைக்கு வந்தாள். ஆடாமல் நிற்கிறாளா என்று பார்க்க டாக்டர் பொன்மணிக்கு வைத்த சோதனையைப் பற்றி, அவள் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"அம்மா, எண்ணு" என்றாள்.

பொன்மணி விளக்கை அவள் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். பாக்கியலக்ஷ்மிதான் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பாவாடை ஓரம்கூட அசையவில்லை. ஏழு, எட்டு. காளிமுத்து மடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். பத்து.

"பாத்தியாடி, ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறா" என்றாள் பாக்கியலக்ஷ்மி.

பொன்மணி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தக் குழந்தையின் மூச்சு அவள் வலது காதில் பட்டது, கேட்டது. மனம் கொஞ்சம் நிறைந்தது. ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆடாமல் நிற்கிற காலும் போதாது. பூத்திலிருந்து எப்போதும் ரவிக்கையில் செருகிக்கொண்டு வருகிற பேனாவை எடுத்தாள். தம்பியின் கையிலிருந்த சீட்டை விரித்து, அவன் பெயருக்குக் கீழே எழுதினாள்: விஜி, 11 வயது.

இரண்டு பேருக்கும் வியாழக்கிழமை இடம் கிடைக்குமா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை பூத்தைத் திறந்ததும் முதல் போன் அதற்குத்தான்.

பாக்கியலக்ஷ்மி எழுந்தாள். இலைக்குப் பக்கத்தில் கிடந்த பாட்டிலை எடுத்தாள். வழக்கம் போல ஓங்கி வைக்கப் போகிறாளோ என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் அதைப் புறவாசலுக்குக் கொண்டுபோனாள். திறந்து ஊற்றும் சத்தம் கேட்டது.

இலை ஓரம் மறுபடி காலியாக இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள். அவருக்குப் பிடித்தது என்று வேறு எதை வைப்பது? பதினெட்டு வருடமாக அதை அவள் யோசித்ததே இல்லை.

பிறகு அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் கொதித்தது. சுக்கைத் தட்டுகிற சத்தம் வந்தது. பால் விடாத கட்டன் சாயாவோடு திரும்பி வந்தாள். கண்ணாடி கிளாஸில் விளிம்பு வரை ஊற்றியிருந்தாள். நடக்க நடக்க அது தளும்பி, சூடாக அவள் விரல்களில் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. குனிந்து, இலையின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தாள்.

"அரை கிளாஸ் போதும்னு சொல்லாதீங்க" என்றாள் படத்தைப் பார்த்து. "இன்னைக்கு முழுசாக் குடிங்க. சிந்தினா சிந்தட்டும்."